இறக்கத்தில் ஓவர்டிரைவ்

கேக்குதுங்களா தம்பி அந்த உறுமல்? குன்னூர்ல பஸ்ஸக் கிளப்புனதுல இருந்து இந்த டிரைவரு ரெண்டாவது கியரை விட்டு மாறவே மாட்டேங்கறான். இறக்கத்துல எதுக்குங்க ரெண்டாவது கியரு? வண்டி தானா இறங்கிட்டுப் போகுது, அதைப் போய்ப் புடிச்சு இழுத்து, டீசலக் கொட்டிக்கிட்டு. சொன்னா கேப்பானா? கேக்க மாட்டான். யாருங்க இந்தக் காலத்துல சொன்னாக் கேக்கறாங்க.

நீங்க வண்டி வெச்சிருக்கீங்களா? காரா? ஆட்டோமேட்டிக்கா? அட, அப்ப உங்ககிட்டச் சொல்லலாம். கியர் வண்டிக்காரங்ககிட்ட இதைச் சொல்லிப் புரிய வெக்க முடியாதுங்க. போன தடவை ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டு வந்தேன், பர்லியாறு வர்றதுக்குள்ள தூங்கிட்டாரு. நீங்க தூங்க மாட்டீங்க. முகத்தப் பாத்தாத் தெரியுது. முகம் தெரியுதுன்னு சும்மா சொல்றேன், எனக்குக் கண்ணு அவ்வளவா தெரியாது. சர்க்கரை. ஒரு ஆளு இருக்காருன்னு தெரியும், அவரு சிரிக்கறாரா மொறைக்கறாரான்னு தெரியாது.

காரமடைக்குப் போறேனுங்க. மேட்டுப்பாளையத்துல இறங்கி இன்னொரு பஸ் ஏறோணும். என்ற சம்சாரம் சுலோச்சனா அங்கதான் இருக்கறா, அவ தங்கச்சி வீட்டுல. ஆடியில போனவ. இப்பக் கார்த்திகை வந்துருச்சு. நாளைக்குக் காலைல மகள் தாரணி அவளப் புனேவுக்குக் கூட்டிட்டுப் போறா. அங்க போயிட்டான்னா அதோட சரிங்க, திரும்ப வர மாட்டா. எனக்குத் தெரியும். அதான் இன்னைக்கே கிளம்பிட்டேன்.

கூப்புட்டா வந்துருவாளாம். சகலை நாச்சிமுத்து நேத்து போன்ல சொன்னாரு. "அண்ணா, அக்கா உங்ககிட்ட ஒரே ஒரு வார்த்தைதான் கேக்கறாங்க. வந்து அதைச் சொல்லிட்டு அப்படியே கூட்டிட்டுப் போங்க. நான் சோத்துக்குச் சொல்லி வெக்கறேன்." அவரு நல்ல மனுசன், யாரு சண்டை போட்டாலும் சோத்துக்குச் சொல்லிருவாரு. என்ன வார்த்தைன்னு கேட்டேன். "நீ பண்ணுனதுதான் சரி"ன்னு நான் அவகிட்டச் சொல்லோணுமாம். அவ்வளவுதான்.

அவ என்ன பண்ணுனா? அதைத்தான் சொல்ல வர்றேன்.

நான் மின்வாரியத்துல இருந்தேனுங்க. ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாலயே ஒரு காரு வாங்குனேன். பழைய வண்டிதான், ஆனா ஆட்டோமேட்டிக். அதுல கியர் ராடு பக்கத்துல, கட்டை விரல் படற இடத்துல, ஒரு பட்டன் இருக்கும். ஓவர்டிரைவ் பட்டன். உங்க வண்டியில இருக்குதுங்களா? புது வண்டியில எல்லாம் தானா பாத்துக்கும்ங்கறாங்க, தானா என்னத்தப் பாத்துக்கும்? அந்தப் பட்டனை அமுக்குனா முன்னால மஞ்ச லைட்டு எரியும். எரிஞ்சா ஓவர்டிரைவ் இல்லைன்னு அர்த்தம். இன்னொருக்கா அமுக்குனா லைட்டு அணைஞ்சிரும். அணைஞ்சா ஓவர்டிரைவ் இருக்குன்னு அர்த்தம். இது வரைக்கும் சரிதானுங்களே?

இப்ப எங்க அதைப் போடோணும், எங்க எடுக்கோணும்? அதுதானுங்க விசயம். பேரே சொல்லுதே. ஓவர்ன்னா அதிகம். டிரைவ்ன்னா இழுவை. அதிக இழுவை வண்டிக்கு எங்க வேணும்? மலையில வேணும். ஏறும்போதும் வேணும், இறங்கும்போது புடிச்சு நிக்கறதுக்கும் வேணும். சமதரையில எதுக்குங்க? மேட்டுப்பாளையம் தாண்டிக் கோயமுத்தூர் போற ரோட்டுல ஒரு சின்னப் புள்ள தள்ளுனாக்கூட வண்டி போகும். அங்க அதை எடுத்துரோணும். மலையில லைட்டு அணைஞ்சிருக்கோணும், கீழ எரியோணும். வண்டி வாங்குன அன்னைக்கே இதை நான் தெளிவாப் புரிஞ்சுக்கிட்டேன். யாரும் சொல்லிக் குடுக்கலை. நானே யோசிச்சுக் கண்டுபுடிச்சது.

கண்ணு போனதுக்கப்பறம் டாக்டர் ஸ்டீரிங்கத் தொடவே கூடாதுன்னுட்டாரு. மாசாமாசம் கோயமுத்தூர் போயிக் கண்ணுக்குள்ள ஊசி போடோணும். யாரு கூட்டிட்டுப் போறது? சுலோச்சனா டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்தா. அம்பது தாண்டுனவ. அதுவரைக்கும் சைக்கிள்கூட ஓட்டுனதில்லை. நான் வேண்டாம்னேன், உனக்கு வராதுன்னேன். அவ பாட்டுக்குப் போனா, கத்துக்கிட்டா, லைசென்ஸ் எடுத்துட்டு வந்து டேபிள் மேல வெச்சா. சரி, இருக்கட்டும், பக்கத்துல நான் இருக்கறேனல்லன்னு விட்டுட்டேன்.

நல்லாத்தான் ஓட்டுவா. அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இந்தப் பட்டன் விசயம் மட்டும் அவ புத்தியில ஏறவே இல்லைங்க. முத மாசமே சொன்னா, "ஏனுங்க, லைட்டு எரிஞ்சா வண்டி தானா அடங்கி இறங்குதுங்க. அணைஞ்சா வழுக்கிட்டு ஓடுது. பிரேக்குலயே காலை வெச்சுட்டு இருக்க வேண்டியிருக்குது." நான் சொன்னேன், உனக்கு அப்படித் தோணுது, புதுசுல அப்படித்தான் தோணும். ரெண்டாவது மாசமும் சொன்னா. நான் கொஞ்சம் சத்தம் போட்டேன். நீ வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு நாலு நாள் ஆகலை, நான் கரண்டையே ஓட்டுனவன்னு சொன்னேன். கோபத்துல சொன்னதில்லை, உண்மையைச் சொன்னேன். அப்பறம் அவ அதைப் பத்திப் பேசறதை விட்டுட்டா.

லைட்டு எனக்குத் தெரியாதுங்களே. அதனால நான் கேப்பேன். குன்னூருக்குக் கீழ காட்டேரி ஊரு தாண்டுனதும் கேப்பேன், "லைட்டு எரியுதா?" "எரியலைங்க"ம்பா. அடுத்த வளைவுல கேப்பேன். "எரியலைங்க." கல்லாறு தாண்டிக் கீழ வந்ததும் கேப்பேன், "இப்ப எரியுதா?" "எரியுதுங்க." ஒவ்வொரு வளைவுலயும் கேட்டுக்கிட்டே வருவேன். பாதுகாப்புன்னா அப்படித்தானுங்க, கேட்டுக்கிட்டே இருக்கோணும்.

ஒரு வருசம் எப்படிப் போச்சு தெரியுங்களா? வண்டி பூ மாதிரி இறங்கும். பிரேக் புடிக்கற சத்தமே கேக்காது. பெட்ரோலும் முன்னை மாதிரிக் குடிக்கலை. நான் எல்லாருகிட்டயும் சொன்னேன், ஓவர்டிரைவ முறையாப் போட்டா வண்டி எப்படி ஓடுதுன்னு பாருங்கன்னு. ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்தவங்ககிட்டச் சொன்னேன். சகலைகிட்டச் சொன்னேன். சுலோச்சனாவும் பக்கத்துலயேதான் உக்காந்திருப்பா.  சிரிப்பாளோ என்னவோ, எனக்குத்தான் தெரியாதே.

வைகாசியில தாரணி வந்திருந்தா லீவுக்கு. பின்னால உக்காந்துட்டு வர்றா. நான் வழக்கம் போலக் கேட்டேன், எரியுதா? இவ சொன்னா, எரியலைங்க. தாரணி பின்னால இருந்து, "இல்லீங்கப்பா, மஞ்சளா எரியுதே. ஓ.டி. ஆஃப்ன்னு போட்டிருக்கே"ங்கறா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது பாவம், கண்ணுல பட்டதைச் சொன்னா. 

தம்பி, யோசிச்சுப் பாருங்க. ஒரு வருசம். ஒவ்வொரு மாசமும் ஒவ்வொரு வளைவுலயும் கண்ணு தெரியாத மனுசனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லியிருக்கறா. மலையில எரிய விட்டுட்டு எரியலைங்கறா. கீழ அணைச்சுட்டு எரியுதுங்கறா. அப்படியே தலைகீழா. உங்க சம்சாரம் உங்களுக்கு இதைப் பண்ணுனாச் சும்மா இருப்பீங்களா? வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்களைப் பத்திரமா கொண்டு போயிக் கொண்டு வரோணும்னு பண்ணுனேனுங்க"ங்கறா. பத்திரமாவாம். பொய்யில என்னங்க பத்திரம்? வண்டி நல்லா இறங்குனதுக்கு வேற காரணம் இருக்கும். டயர் மாத்துனோம் அந்த வருசம். ஆயிலும் மாத்துனோம்.

அதுக்கு அடுத்தாப்பல ஊசிக்குப் போனது ஆடியிலதான். கிளம்பும்போதே சொல்லிட்டேன், இனி உன்ற வாயை நான் நம்ப மாட்டேன், நானே பாத்துக்கறேன்னு. பட்டனை அமுக்கி, வண்டியை விட்டு இறங்கி, பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்புட்டு லைட்டு அணைஞ்சிருக்குதான்னு பாக்கச் சொல்லி உறுதி பண்ணிக்கிட்டேன். அப்பறம் ஏறி உக்காந்து கியர் ராடு மேல கையை வெச்சுக்கிட்டேன். பட்டன் மேல என்ற உள்ளங்கை. இனி எப்படி அமுக்குவே, அமுக்கு பாக்கலாம்.

"கையை எடுங்க"ன்னா காட்டேரியில. நான் எடுக்கலை. "பிரேக்கு சூடாகுதுங்க, நாத்தம் வருது பாருங்க"ன்னா. நாத்தம் வந்துச்சு, அது முன்னால போன லாரியிலிருந்துன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன். பர்லியாறு தாண்டி ஒரு வளைவுல திரும்பறப்ப அவ குரல் மாறிப் போச்சுங்க. "காலு உள்ள போகுதுங்க. புடிக்க மாட்டேங்குது." வண்டி வேகமெடுக்குது. எனக்குக் கண்ணு தெரியாது, ஆனா காத்து தெரியும். காத்து அறையுது.

அவ முழங்கையால என்ற கையில ஓங்கி ஒரு இடி இடிச்சா. கை தெறிச்சுப் போச்சு. பட்டனை அமுக்குனா, ராடைக் கீழ இழுத்தா. வண்டி ஒரு உறுமு உறுமுச்சு, இப்ப இந்த பஸ் உறுமுதே, இதே மாதிரி. உறுமிட்டு அப்படியே அடங்குச்சு. மலைப் பக்கமா மண்ணுல உரசி, உரசி, உரசி நிறுத்திட்டா. அந்தப் பக்கம் போயிருந்தா என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், நீங்கதான் ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கீங்க.

வண்டி நின்னதும் அவ கேட்ட முதல் கேள்வி, "கை வலிக்குதுங்களா?" அவ்வளவுதான் கேட்டா. 

நான் என்ன சொன்னேன்னா, இப்படிப் போட்டு மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக்கு போகாம என்ன பண்ணும்னேன். நியாயமாத்தானே சொன்னேன்? மிதிச்சது யாரு, அவதானே? மெக்கானிக்கும் ஏதோ மட்டமான பிரேக் கட்டையைப் போட்டிருப்பான். ஆயிரம் காரணம் இருக்குதுங்க.  அவ இறங்கி, அந்த வளைவுல இருந்த சின்னப் பாலத்துச் சுவர்ல போய் உக்காந்தா. தண்ணி குடிச்சா, சத்தம் கேட்டுச்சு. அப்பறம் கீழ போற பஸ் ஒண்ணு வந்துச்சு. நின்னுச்சு. கிளம்பிப் போயிருச்சு. "சுலோ"ன்னு கூப்புட்டேன். "ஏ சுலோ, லைட்டு எரியுதான்னு பாரு"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலைங்க எனக்கு. பதில் வரலை. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அவ அந்த பஸ்ஸுல ஏறிப் போயிட்டான்னு புரிஞ்சுது.

கண்ணுக்கு மருந்து ஊத்தறதுக்கு ஆளில்லைங்க இப்ப. நானா ஊத்தறேன், பாதி கன்னத்துல ஓடுது. ஊசிக்கும் போகலை. போகாட்டி இருக்கறதும் போயிரும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வீட்டுல ரேடியோவைப் போட்டு விட்டுட்டு உக்காந்திருக்கறேன், ஒரு குரல் வேணுமேன்னு. அவ இல்லாம வீடு நல்லால்லைங்க. இதை வெளிப்படையாச் சொல்றேன், எனக்கென்ன வெக்கம். அவ இல்லாம நல்லால்லை.

ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டுப் போங்கன்னு நீங்க நினைப்பீங்க. சகலையும் அதான் சொல்றாரு. சரின்னுதான் கிளம்பறேன். ஐப்பசியில ரெண்டு தடவை கிளம்புனேன். மேட்டுப்பாளையம் வரைக்கும் வந்தேன். பஸ் ஸ்டாண்டுலயே ஒரு டீயைக் குடிச்சுட்டு மேல போற பஸ்ஸுல ஏறிட்டேன்.

என்னங்க? சொல்லுங்க, சத்தமாச் சொல்லுங்க, உறுமல்ல காது கேக்கலை.

ம்.

நீங்களும் அப்படித்தான் ஓட்டுவீங்களா? இறக்கத்துல ஓவர்டிரைவ் இருக்கக் கூடாதா. எடுத்துட்டாத்தான் இஞ்சின் புடிக்குமா. அது இழுவைக்கு இல்லையா? சமதரையில வேகமா நிம்மதியாப் போறதுக்கா. பெட்ரோல் மிச்சம் பண்றதுக்கா.

உங்களுக்கு யாரு சொன்னாங்க? ஓட்டிப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டீங்களா. அவளும் அதேதான் சொன்னா.

கொஞ்ச நேரம் சும்மா இருங்க தம்பி.

சரிங்க. நீங்க சொல்றதே சரின்னு வெச்சுக்கலாம், ஒரு பேச்சுக்கு. இப்ப நான் போயி, ஆமா சுலோ, நீ பண்ணுனதுதான் சரின்னு சொல்றேன். அதோட நிக்குமா? அடுத்தது என்ன கேப்பா தெரியுங்களா? கல்யாணத்துக்கு முன்னால அவ பள்ளிக்கூடத்துல வேலை பாத்துட்டு இருந்தா. எதுக்கு வேலை, விடுன்னு சொன்னேன், விட்டா. அது சரியாம்பா. தாரணியை டாக்டருக்குப் படிக்க வெக்கலாம்னா, வேண்டாம்னேன். அது சரியாம்பா. என்ற மாமியாரு, சுலோச்சனாவோட அம்மா, ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. புதன்கிழமை சேதி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருமாப் போலாம், அதுக்குள்ள ஒண்ணும் ஆயிராதுன்னு சொன்னேன். சனிக்கிழமை காலைல போயிட்டாங்க. அதை அவ ஒரு நாளும் என்கிட்டக் கேட்டதில்லைங்க. இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தப் பட்டனை நான் விட்டுக் குடுத்துட்டா அப்பறம் அதையும் கேப்பால்ல? கேட்டா நான் என்னங்க சொல்றது?

அதுக்குத்தான் சொல்றேன், ஓவர்டிரைவ் மலைக்குத்தான். நான் சொன்னது சொன்னதுதான்.

மேட்டுப்பாளையம் வந்தாச்சுங்களா? உறுமல் நின்னுருச்சே. பஸ் ஸ்டாண்டுக்குள்ள திரும்பறான். நீங்க இங்கதானே இறங்கறீங்க.

இருங்க, ஒரு நிமிசம் இருங்க. அங்க அந்தத் தூண் பக்கத்துல யாரோ நிக்கறாங்களே, ஒரு பொம்பளை. நீலமா சேலை மாதிரி தெரியுது. முகம் தெரியலை. ஆனா இடுப்புல கையை வெச்சுக்கிட்டுத் தலையைச் சாச்சு நிக்கறது அவதான். நாச்சிமுத்து சொல்லி அனுப்பியிருப்பாரு. காரமடையிலிருந்து என்னைக் கூப்புட எதுக்கால வந்து நிக்கறா.

கையில பேக் இருக்குதுங்களா, பாருங்க. பெரிய பேக்கா? துணி வெச்ச பேக்கா? தனியாத்தான் நிக்கறாளா, கூட தாரணி இல்லையே?

அப்ப புனேவுக்கு இல்லைங்க. புனேவுக்குன்னா மகளோட நாளைக்குத்தான். என்கூட வர்றதுக்குத்தான் எடுத்துட்டு வந்திருக்கறா. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னா அப்படியே இதே பஸ்ஸுல ஏறி உக்காந்துருவா.

கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாஞ்சு உக்காருங்க தம்பி. என்னை மறைச்சாப்பல. பஸ்ஸு பஸ்ஸாப் போய்ப் பாக்கறாளா? ஒவ்வொரு ஜன்னலாப் பாத்துட்டு வர்றாளா? நான் குனிஞ்சுக்கறேன். கண்டக்டர், இதே வண்டிதானே திரும்ப மேல போகுது? எனக்கு ஒரு குன்னூர் குடுத்துருங்க. இல்லைங்க, இறங்கலை. இறங்கலைன்னா இறங்கலைங்க.

நீங்க இறங்குங்க தம்பி, உங்களுக்கு நேரமாகுது. அவ உங்ககிட்டக் கேப்பா. குன்னூர்ல இருந்து கண்ணு தெரியாத ஒருத்தரு வந்தாரான்னு நிச்சயமாக் கேப்பா. அப்படி யாரும் வரலைன்னு சொல்லிருங்க. சொல்லுங்க, பரவால்லை. ஒரு பொய்யில என்னங்க கெட்டுப் போகுது.